பூட்டிக் கிடக்கும் நூலகம்: வேலூர்ப் பக்கத்து வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. 1989-இல் வட ஆற்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் நூலக வாசலில் கேட்கும் கேள்விகள் மட்டும் மாறவில்லை. வாசகர் வட்டக் கூட்டங்களிலும் டீக்கடை பெஞ்சிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றுக்கு, தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் நூலகம் எப்போது போனாலும் பூட்டியிருக்கிறது. மூடிவிட்டார்களா?

முதலில் கிழமையைப் பாருங்கள். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிறு அல்ல. அடுத்து நேரம். சிறிய நூலகங்கள் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்றுதான் இயங்கும். மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு "நூலகமே இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர். பகுதிநேர நூலகம் என்றால் நேரம் இன்னும் குறைவு.

இதெல்லாம் பார்த்த பிறகும் பூட்டுதான் என்றால், நூலகர் வேறொரு ஊர் நூலகத்தையும் சேர்த்துக் கவனிக்கிறாரா என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும். இதைக் 'கூடுதல் பொறுப்பு' என்பார்கள். ஒருவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, பக்கத்து நூலகர் வாரத்தில் சில நாள் வந்து திறக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு ஊரிலும் பூட்டு.

அரசு ஒரு நூலகத்தை மூடினால் முறையாக அறிவிப்பு வருமல்லவா?

வராது என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஏனென்றால் இங்கே நூலகத்தை யாரும் 'மூடுவது' அபூர்வம். திறப்பது குறைந்துகொண்டே போகும், அவ்வளவுதான்.

பிரிட்டனோடு ஒப்பிட்டால் இது புரியும். அங்கே 2010-க்குப் பிறகு உள்ளாட்சிகளுக்கு வந்த மத்திய அரசு நிதி வெட்டப்பட்டது. பத்து ஆண்டுக்குள் ஏறத்தாழ 800 நூலகங்கள் போய்விட்டன. ஆனால் அங்கே நூலக சேவை தருவது உள்ளாட்சியின் சட்டக் கடமை. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதனால் மூடுவதற்கு முன் திட்டத்தை வெளியிட வேண்டியிருந்தது, மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியிருந்தது. மக்களும் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றம் போனார்கள். சில ஊர்களில் தன்னார்வலர்களே நூலகத்தை எடுத்து நடத்துகிறார்கள். தோற்றார்களோ ஜெயித்தார்களோ, சண்டை போட ஒரு தேதியும் ஒரு காகிதமும் அவர்கள் கையில் இருந்தது.

நம் ஊரில் அந்தக் காகிதமே கிடையாது. செய்தித்தாள் நாலிலிருந்து இரண்டாகும். மாலை நேரம் அரை மணி சுருங்கும். மழைக்கு ஒழுகும் அறையைப் பூட்டிவைப்பார்கள். கடைசியில் ஒருநாள் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும். ஆவணத்தில் அந்த நூலகம் அப்போதும் 'இயங்கிக்கொண்டுதான்' இருக்கும். கொரோனா சமயத்தில், 2020 மார்ச்சில் எல்லா நூலகமும் பூட்டப்பட்டபோது அதற்காவது ஆணை இருந்தது. திறந்தபோதும் ஆணை இருந்தது. நடுவில் விட்டுப்போன வாசகர்களைத் திரும்பக் கூப்பிட மட்டும் யாருக்கும் ஆணை வரவில்லை.

தமிழ்நாட்டில் வெளிப்படையான ஆணை வந்த ஒரு பெரிய உதாரணம் சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்ததை, 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. அறிவிப்பு இருந்ததால் எதிர்ப்பு வந்தது, வழக்கு வந்தது, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் பிழைத்தது. அறிவிப்பே இல்லாமல் தேய்கிற ஊர்ப்புற நூலகத்துக்கு யார் தடை வாங்குவது?

எங்கள் பஞ்சாயத்து அலுவலகம் பக்கத்தில் 'நூலகம்' என்று எழுதிய கட்டடம் வருடக்கணக்காகப் பூட்டியிருக்கிறது. நூலகத் துறையிடம் கேட்டால் "எங்களுடையது இல்லை" என்கிறார்கள். அப்படியானால் யாருடையது?

அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கிராமங்களில் இரண்டு வகை நூலகம் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுதினால் அது மேசைக்கு மேசை சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதல் வகை, பொது நூலகத் துறையின் கீழ் மாவட்ட நூலக ஆணைக்குழு நடத்துவது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாம் இதில் வரும்.

இரண்டாவது வகை, 2006-க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டியது. இது ஊரக வளர்ச்சித் துறையின் திட்டம், கட்டடம் ஊராட்சியின் சொத்து. கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, புத்தகக் கட்டும் வந்தது. ஆனால் பார்த்துக்கொள்ள முழுநேர நூலகர் வரவில்லை. சொற்ப மதிப்பூதியத்துக்கு உள்ளூர் ஆள் ஒருவரிடம் சாவியைக் கொடுத்தார்கள். அவர் வேறு வேலைக்குப் போனதும் சாவி ஊராட்சி மேசை இழுப்பறைக்குப் போனது. இப்போது அதற்குள் ஊராட்சியின் பழைய தெருவிளக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

என்னைக் கேட்டால், இந்த மாவட்டங்களில் 'மூடிய நூலகம்' என்று மக்கள் காட்டுகிற கட்டடங்களில் கணிசமானவை இந்த இரண்டாவது வகைதான். அதற்கு மனுவை ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுக்க வேண்டும். கிராம சபையில் கேட்பது இன்னும் நல்லது.

வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறேனே, அது எங்கே போகிறது?

நல்ல கேள்வி. ஆனால் கேட்கிறவர்கள்தான் குறைவு. ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் சொத்து வரி என்றால் 100 ரூபாய் நூலகத்துக்கு. வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் வாடகை வழியாக இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதற்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் போட்ட முதல் நூலகச் சட்டம் நம்முடையது. நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியதும், அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் அதைக் கையில் எடுத்ததும் காரணம். அந்தச் சட்டத்தின் சூட்சுமமே வரியில்தான் இருக்கிறது. நூலகத்துக்குப் பணம் யாருடைய தயவிலும் வரக்கூடாது, நிரந்தரமாக ஒரு வரவு இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

சரி, நடைமுறை? மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவை வரியை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். இங்கேதான் ஓட்டை. உள்ளாட்சிகள் நூலக வரியை உரிய காலத்தில் அனுப்பாமல் நிலுவை வைப்பது தமிழ்நாடு முழுக்கப் பழைய புகார். அவர்களுக்கும் துப்புரவு, குடிநீர், சம்பளம் என்று செலவு இருக்கிறது. ஆனால் நூலகத்துக்கென்று வாங்கிய பணம் அவர்கள் பணம் அல்ல. 2022-இல் நகர்ப்புறங்களில் சொத்து வரி உயர்ந்தபோது அதோடு சேர்ந்து நூலக வரியும் தானாகவே உயர்ந்தது. உங்கள் பகுதி நூலகத்தில் அதற்கேற்ப ஒரு நாற்காலியாவது கூடியதா என்று போய்ப் பாருங்கள்.

நூலகர்களைக் குறை சொல்லலாமா?

சிலரைச் சொல்லலாம். புத்தகத்தைத் தொட்டாலே முகம் சுளிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் பெரும்பாலானவர்கள் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஊர்ப்புற நூலகர்கள் முறையான காலமுறை ஊதியத்துக்காகப் பல வருடம் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள். திறப்பது, பெருக்குவது, செய்தித்தாள் விரிப்பது, பதிவேடு எழுதுவது, உறுப்பினர் சேர்ப்பது, நன்கொடை தரும் புரவலரைப் பிடிப்பது எல்லாம் ஒரே ஆள். உறுப்பினரும் புரவலரும் எத்தனை சேர்த்தாய் என்று மேலிருந்து கேட்பார்களே தவிர, கழிப்பறை இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

வாடகைக் கட்டடத்தில் இருந்த நூலகத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். இதுவும் மூடியது மாதிரிதானே?

பாதி மூடியது மாதிரி. பழைய பஜார்த் தெருவில் இருந்தபோது காய்கறி வாங்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துப் புத்தகம் மாற்றிக்கொண்டு போவார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பஸ் வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதுக் கட்டடம், டைல்ஸ் தரை, ஃபேன் எல்லாம் போட்டுத் திறந்தாலும் அவர்கள் வரமாட்டார்கள். பைக் இருக்கிறவர்கள் வருவார்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் கழன்றுவிடுவார்கள். வேலூர் வெயிலில், மே மாதத்தில், எழுபது வயது மனிதர் செய்தித்தாள் படிக்க எவ்வளவு தூரம் நடப்பார் என்று இடம் தேர்வு செய்கிறவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்வதுதான் பல இடங்களில் மாற்றத்துக்குக் காரணம். அரசு தரும் வாடகை சந்தை வாடகைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே ஊருக்கு நடுவில் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொந்தமான காலி இடம் எது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து வைப்பது வாசகர்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை.

ஒரு நூலகம் மூடினால் உண்மையில் யாருக்கு நஷ்டம்? இப்போது யார் படிக்கிறார்கள்?

காலை நேரத்தில் ஒரு கிளை நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் ஓய்வு பெற்றவர்கள் செய்தித்தாளைப் பிரித்து ஆளுக்கு ஒரு தாளாக வைத்திருப்பார்கள். இன்னொரு பக்கம், சுவரோரமாக, இருபது முதல் முப்பது வயதுக்குள் பையன்களும் பெண்களும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு, ரயில்வே. மேசையில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடப்புத்தகக் கட்டு.

இவர்களுக்கு நூலகம் போனால் என்ன ஆகும்? புத்தகம் எப்படியாவது கிடைத்துவிடும். கிடைக்காதது உட்காரும் இடம். குடியாத்தத்தில் தறி ஓடும் வீட்டிலோ, பீடி சுற்றுகிற வீட்டிலோ, ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிற ஆம்பூர்த் தோல் தொழிலாளி வீட்டிலோ நாலு மணி நேரம் அசையாமல் படிக்க மூலை எங்கே? வசதி உள்ளவர்கள் வேலூரில் ரூம் எடுத்துக் கோச்சிங் சேர்கிறார்கள், மாதக் கட்டணம் கட்டித் தனியார் படிப்பகத்தில் உட்காருகிறார்கள். மற்றவர்களுக்கு நூலகம்தான் கோச்சிங் சென்டர். அங்கே பக்கத்து நாற்காலிக்காரர்தான் வாத்தியார், எந்தத் தேர்வுக்கு எப்போது அறிவிப்பு வந்தது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

மு. வரதராசனாரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். வட ஆற்காட்டுக்காரர். திருப்பத்தூரில் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர், தாமாகவே படித்து 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாக வந்தார். அப்போது நூலகச் சட்டமும் இல்லை, நூலக வரியும் இல்லை. அவரால் முடிந்தது என்பதற்காக எல்லோரும் அப்படியே மேலே வரட்டும் என்று விட்டுவிட முடியாது என்றுதானே பிறகு சட்டம் போட்டார்கள்!

அப்புறம், முதியவர்கள். வீட்டில் மருமகள், பேரன் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு பேச்சுத் துணை தேடி வருகிறவர்கள் உண்டு. தலையங்கம் பற்றி வாசலில் நின்று வாதாடிவிட்டுப் பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போவார்கள். நூலகம் பூட்டினால் இந்தக் கூட்டம் கோயில் திண்ணைக்கோ டீக்கடைக்கோ நகரும். அங்கே செய்தித்தாள் ஒன்றுதான் இருக்கும், அதுவும் ஒரே கட்சிக் கருத்துடன் இருக்கும்.

பெண்களுக்கு இதில் தனியாக ஏதாவது பாதிப்பு உண்டா?

உண்டு. சின்ன ஊரில் ஒரு பெண் காசு செலவழிக்காமல், யாரிடமும் காரணம் சொல்லாமல் ஒரு மணி நேரம் உட்காரக்கூடிய பொது இடங்களை எண்ணிப் பாருங்கள். கோயில், நூலகம். அவ்வளவுதான். "லைப்ரரிக்குப் போறேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் பெரும்பாலான வீடுகளில் மறுப்பு வராது. நூலகம் இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். கழிப்பறை இல்லாத நூலகம் பெண்களுக்கு ஏற்கெனவே பாதி மூடிய நூலகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம்தான் போனில் இருக்கிறதே?

நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. அரிய பழைய நூல்கள் வேண்டுமென்றால் எந்தக் கிளை நூலகத்தையும்விடத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் மேல். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இவற்றைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் வீட்டில் ஒரே ஒரு நல்ல போன் இருந்து, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? போனில் படிக்க உட்கார்ந்தவர் எத்தனை நிமிடம் படிக்கிறார் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளை அலமாரி முன் நின்று அட்டைப் படம் பார்த்து ஒரு கதைப் புத்தகத்தை உருவி எடுப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

உருது, தெலுங்கு வாசிப்பவர்களுக்கு?

இந்தப் பக்கத்துக்கே உரிய கேள்வி இது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் உருது வாசிப்பவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். காட்பாடி, குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் மொழியில் ஒரு நாளிதழாவது, ஒரு அலமாரியாவது கேளுங்கள். வாசகர்கள் கையெழுத்திட்டு எழுத்தில் கேட்டால்தான் பட்டியலில் சேரும். வாயால் கேட்டால் வாசலோடு போய்விடும்.

எங்கள் நூலகத்தைத் திறக்க வைக்க என்ன செய்யலாம்?

மேலே சொன்னபடி முதலில் அது யாருடையது என்று உறுதி செய்யுங்கள். துறை நூலகமாக இருந்தால் பெயர்ப்பலகையில் எந்த மாவட்ட நூலக ஆணைக்குழு என்று எழுதியிருக்கும். மாவட்டம் பிரிந்த பிறகு பலகை மாற்றாமல் இருந்தால், புதிதாக வந்த புத்தகத்தின் முத்திரையைப் பாருங்கள்.

அப்புறம் காகிதத்தை உருவாக்குங்கள். மூடியதற்கு ஆணை இல்லை என்பதுதானே நம் பிரச்சினை, ஆகவே அந்த ஆணையை நாமே கேட்டு வாங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், மாவட்ட நூலக அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "நூலகம் ஏன் பூட்டியிருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அதற்கு "நிர்வாகக் காரணம்" என்று ஒரு வரியில் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் மாதவாரியாக இந்த நூலகம் திறந்திருந்த நாட்கள், வாசகர் வருகைப் பதிவேட்டின் நகல், ஒப்புதல் பெற்ற பணியிடங்கள், காலியான பணியிடங்கள், கூடுதல் பொறுப்பு ஆணையின் நகல். இன்னொரு விண்ணப்பம் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ: கடந்த மூன்று நிதியாண்டுகளில் வசூலித்த நூலக வரி, ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகை, நிலுவை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்தது திருப்தி தராவிட்டாலோ மேல்முறையீடு செய்யலாம்.

பதில் கையில் வந்த பிறகு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். வேலூர்க்காரர்களுக்குச் சத்துவாச்சாரியில் இருக்கிறது அலுவலகம். எண்களோடு போகிற மனுவைச் சுலபமாகத் தள்ளிவைக்க முடியாது. கிராமமாக இருந்தால் கிராம சபைத் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் எப்படியும் சபை கூடும்.

"யாரும் வருவதில்லை, அதனால்தான் திறப்பதில்லை" என்கிறார்களே?

திறக்காததால் வரவில்லை என்று நாம் சொல்வோம், வராததால் திறக்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். இந்த வாதத்தை முடிக்க ஒரே வழி வருகைப் பதிவேடுதான். போகிற ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடுங்கள். செய்தித்தாள் மட்டும் புரட்டிவிட்டு வந்தாலும் போடுங்கள். உறுப்பினர் ஆகுங்கள், காப்புத்தொகை ஒரு வேளை டிபன் செலவுகூட ஆகாது. புத்தகம் எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுங்கள். ஒரு நூலகத்தின் தரம், அதற்கு வரும் இதழ்கள், ஊழியர்கள் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் பதிவேடுகளைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

புரவலர் ஆனால் நூலகத்தைக் காப்பாற்ற முடியுமா?

1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர், 5,000 கொடுத்தால் பெரும்புரவலர், 10,000 கொடுத்தால் கொடையாளர். பலகையில் பெயர் வரும். நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் காலியாக இருக்கும் நூலகர் பணியிடத்தைப் புரவலர் பணத்தால் நிரப்ப முடியாது. ஏற்கெனவே வரி கட்டுகிறவர்களிடமே நன்கொடையும் கேட்பது முறையா என்று எனக்கு ஒரு நெருடல் உண்டு.

நூலகம் போனால் உள்ளே இருக்கும் புத்தகங்கள் என்ன ஆகும்?

முறைப்படி இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு புத்தகத்துக்கும் கணக்கு இருக்க வேண்டும். வேறு நூலகத்துக்கு மாற்றலாம், கிழிந்ததைக் கழிவு செய்யலாம், எல்லாவற்றுக்கும் நடைமுறை உண்டு. நடப்பில் கரையானும் மழைத்தண்ணீரும் அந்த நடைமுறையைச் சுலபமாக்கிவிடுகின்றன. 'வட ஆற்காடு' முத்திரை குத்திய பழைய நூல்கள், மறுபதிப்பு வராதவை, இப்படித்தான் எடைக்குப் போகின்றன. உங்கள் நூலகத்தை மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்தால், மாற்றும் நாளில் வாசகர்கள் நாலு பேர் மூட்டை கட்ட உதவிக்குப் போங்கள். என்னென்ன புத்தகம் இருந்தது என்று அப்போதாவது தெரியும்.

வீட்டில் இருக்கும் பழைய புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பாடத்திட்டம் மாறிய பழைய கைடு, பக்கம் போன வார இதழ், கல்யாணத்தில் கிடைத்த பரிசு டைரி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள், நூலகருக்கு அதைப் பிரிப்பதே ஒரு வாரவேலை. நல்ல நிலையில் இருக்கும் சிறுவர் கதைகள், புதிய பாடத்திட்டத்துக்கான போட்டித் தேர்வு நூல்கள், அகராதிகள் இவை எப்போதும் தேவைப்படும். கொடுத்த பட்டியலில் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.